இரண்டு மணிக்கு நின்ற இடம்

வெள்ளிக்கிழமை பத்துத் தகடுகள் வந்தன,
ஒரு பழைய மாவுச் சாக்கில்.
பெயர் கிடையாது, குத்திய எண் மட்டும்.
டர்பன் ஜேக்கப்ஸ் பட்டறையில் எந்த எண் யாரென்று
சோதிப்பவளுக்குத் தெரியக் கூடாது.

முகப்பை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.
சீராக, செதில் செதிலாக ஏற்றியிருப்பார்கள்,
பார்த்தால் மனசு இளகிவிடும்.
முதலில் திருப்பிப் போட வேண்டும்.
நடுவே விட்ட மூன்று மில்லி இடைவெளி வழியே
உருகிய இரும்பு மறுபக்கம் எட்டிப் பார்த்திருக்கிறதா?
ரூட் என்பார்கள் இங்கே எல்லோரும்.
வேர் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்,
அதைக் கேட்க அறையில் வேறு ஆளில்லை.

ஒன்றாம் எண்ணின் வேர் நூறு மில்லி வந்து ஒரு குழி.
தேய்த்து, மறுபடி தொடங்கிய தழும்பு.
இரண்டாம் எண், எழுபத்தொன்றில்.
மூன்று, நூற்று முப்பதில்.
நான்காவதைத் திருப்பும்போதுதான் உறைத்தது:
வியாழன் மதியம் மின்வெட்டு.

நாலு மணிக்கென்று இருந்தது அட்டவணையில்.
காலையில் மாற்றியதைப் படையாச்சி பார்க்கவில்லை போல.
ஒன்று ஐம்பத்தேழுக்கு விசில் ஊதி
பத்துப் பேரையும் ஒன்றாகத் தொடங்கவிட்டிருக்கிறார்.
இரண்டுக்குப் பட்டறை இருண்டது.
முகமூடிக்குள் இருந்தவர்களுக்கு
தன் கைதான் அணைந்துபோனதென்று தோன்றியிருக்கும்.

அந்த நொடி இதோ, வரிசையாக என் மேசையில்.
வெர்னியர் வைக்க அவசியமே இல்லை.
வைத்தேன்.
மூன்று நிமிடத்தில் யார் எவ்வளவு ஏறினார்கள்.
ஐந்தாம் எண் ஐம்பத்திரண்டு மில்லிதான், நத்தை,
ஆனால் இரண்டு விளிம்பையும் முழுசாகத் தின்றிருந்தது.
எட்டு, நின்ற இடத்தைத் தேய்க்காமலே தொடர்ந்திருந்தது.
கசடு உள்ளே மாட்டியிருக்கும், மடக்கினால் தெரியும்.

ஆறு மட்டும் எங்குமே நிற்கவில்லை.

அடியிலிருந்து நுனி வரை இருநூறு மில்லி,
ஒரு தழும்பு இல்லை.
வேரும் இல்லை.
சாய்த்து வெட்டிய விளிம்புகள் அறுத்த நாளில் போலவே கூராக,
இடையே ஒரு கறுப்புக் கோடு. நகம் உள்ளே போனது.
முகப்பைத் திருப்பினேன்.
பத்தில் அழகு அதுதான்.

மாறிய அட்டவணை அவன் கைப்பேசிக்கு வந்திருக்கும்.
அவனோ அவளோ. எண்ணுக்கு அதெல்லாம் கிடையாது.
இன்னும் மூன்று நிமிடம் என்று தெரிந்த கை
ஓடியிருக்கிறது.
மற்ற ஒன்பது பேருக்கும் தெரியாது,
அதனால் நிதானமாக இருந்தார்கள்.
இதைத் திறமை என்று எழுதவும் படிவத்தில் இடமில்லை.

பட்டையாய் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து,
ஸ்பிரிட் கலந்த அமிலத்தைப் பஞ்சால் தொட்டு வைத்தேன்.
நிறம் ஏறியது.
மேலே மூன்று அடுக்கு, ஒன்றோடொன்று கலந்து.
கீழே இரண்டு தகடும்
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்போல.
மடக்கும் எந்திரம் பாதி கூட இறங்கவில்லை,
வாயைத் திறந்துவிட்டது.

எட்டு இரண்டரை மில்லி திறந்தது. மூன்று வரை மன்னிப்பு உண்டு.
தேர்ச்சி என்று எழுதினேன், மனமில்லாமல்.
ஆறுக்கு: ஊடுருவல் இல்லை.
காரணம் என்ற கட்டம் ஓர் அங்குலம்.
மின்சாரம் என்று எழுதி, அடித்தேன்.

ஐந்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன்.
சோதிப்பவளுக்கு அதுவும் கூடாது.
வேர் வெளியே பார்க்க வைத்து, லிவரை அழுத்தினேன்.
உருளை இறங்கியது, பட்டை குனிந்தது,
முப்பது, அறுபது, தொண்ணூறு பாகை,

விளக்குப் போனது.

இன்றைய அட்டவணையை நானும் பார்க்கவில்லை.

சுத்திகரிப்பு ஆலையின் நாற்றம் ஜன்னலில்.
சவுத் கோஸ்ட் ரோட்டில் சிக்னலும் செத்து ஹாரன்கள்.
இரண்டரை மணி நேரம் ஆகும்.
வீட்டுக்குப் போகலாம்.

பாதி மடங்கி நிற்கிறது ஐந்தாம் எண்.
கூரைத் தகரம் இறுகுகிற சத்தம், அவ்வளவுதான்.
கையுறையைக் கழற்றி
இருட்டில் அதன் முதுகைத் தடவுகிறேன்.
வளைந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கிறது.
இதுவரை ஒரு கீறலும் இல்லை,
இதுவரை.